மரத்தக்காளி பூக்கிறது, காய் நிற்கவில்லை: அம்பை, தென்காசிப் பக்கம் வளர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கல்லிடை தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய்க்குப் பக்கத்தில் எங்கள் வீடு. புறவாசலில் கொஞ்சம் இடம் உண்டு. வாழை, முருங்கை, கறிவேப்பிலை, நார்த்தை எல்லாம் நிற்கின்றன. போன வருஷம் ஒரு கண்காட்சியில் மரத்தக்காளிக் கன்று ஒன்று வாங்கினேன். விற்றவர் சிவப்புப் பழம் கொத்துக்கொத்தாகத் தொங்குகிற படத்தைக் காட்டினார். "ஆறே மாதத்தில் காய்க்கும், அப்புறம் கடையில் தக்காளியே வாங்க வேண்டாம்" என்றார்.

மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. இப்போது என் தலைக்கு மேலே நிற்கிறது. இலை ஒவ்வொன்றும் பெரிசு, வெற்றிலை வடிவம், கசக்கினால் ஒரு காட்டமான வாடை. மார்கழியில் பூ வந்தது. வெளிறின ரோஸ் நிறம், கொத்துக்கொத்தாகத் தொங்கியது, வாசனையும் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் பூ விரிந்த சில நாளிலேயே காம்பு மஞ்சளாகி, கணுவோடு கழன்று விழ ஆரம்பித்தது. காலையில் கூட்டினால் முறத்தில் அள்ளுகிற அளவு. ஒன்றிரண்டு காய் மட்டும் சுண்டைக்காய் அளவு வந்தது. மாசி வெயில் தொடங்கியதும் அதுவும் விழுந்துவிட்டது. இப்போது பங்குனியில், நடுமத்தியானம் இலை எல்லாம் தொங்கிப் போகிறது. தண்ணீர் விட்டால் சாயங்காலம் எழுந்துகொள்கிறது.

மண் கால்வாய்க்கரை வண்டல், தோண்டினால் அடியில் களி. ஐப்பசி மழையில் அரை நாள் தண்ணீர் நிற்கும், அப்புறம் வடிந்துவிடும். தொழுவுரம், கடலைப்புண்ணாக்கு, பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன்.

என்ன சத்து குறைகிறது? மகரந்தச் சேர்க்கைக்கு இன்னொரு மரம் வேண்டுமா? கொப்பை வெட்டிவிட்டால் காய்க்குமா? நம்ம பக்கத்தில் யாராவது இதில் பழம் பறித்திருந்தால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பாவூர்சத்திரம் காய்கறி எழுதியது:

தம்பி, பூ கொட்டினால் பிளானோஃபிக்ஸ் என்கிற வளர்ச்சி ஊக்கி மருந்தை அடியுங்கள். நாங்கள் மிளகாய்க்கு அதைத்தான் அடிக்கிறோம். நாலரை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, அதற்கு மேல் போகக் கூடாது. சாயங்காலமாக அடிக்க வேண்டும். கூடவே போரான் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். மரத்தக்காளி நான் வைத்ததில்லை. தக்காளி, மிளகாய், கத்தரிக்குக் கேட்கிற மருந்து இதற்கும் கேட்கும் என்றுதான் நினைக்கிறேன்.

---

ஊத்து மகள் எழுதியது:

தம்பி, உங்கள் மரத்துக்குச் சத்துக் குறைவு எதுவும் இல்லை. இலை பெரிசாக வந்து, பூக்கொத்தும் வந்திருக்கிறது என்றால் அது வயிறாரச் சாப்பிட்ட மரம். அதற்குக் கிடைக்காதது ராத்திரிக் குளிர். அதை மூட்டையில் வாங்கிப் போட முடியாது.

நான் பிறந்து வளர்ந்தது மாஞ்சோலைக்கு மேலே ஊத்து தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லைனில். அம்மா கொழுந்து எடுத்தவள். எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், துவைகல்லுக்குக் கீழே சரிவில் மரத்தக்காளி நின்றது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, அந்த வரிசையில் பல வீட்டிலும் உண்டு. யாரும் உரம் வைத்ததாக எனக்கு நினைவில்லை. அடுப்புச் சாம்பலும் பாத்திரம் கழுவின தண்ணீரும்தான் அதற்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பழத்தை நுனியில் கடித்துத் துளை போட்டு, உள்ளே இருப்பதைப் பிதுக்கி உறிஞ்சிவிட்டுத் தோலை எறிவோம். தோல் கசக்கும். அந்தக் கசப்பு பட்ட பிள்ளைகள் யாரும் மறுபடி தோலைக் கடிக்க மாட்டார்கள். 2024-ல் எஸ்டேட் வேலை நின்றது. எங்கள் ஆட்கள் பலரும் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். நான் கல்யாணம் ஆனதிலிருந்து விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறேன். மேலே வளர்ந்ததையும் கீழே வளர்வதையும் இரண்டையும் பார்த்தவள் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

இந்த மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலை. பொலிவியா, அர்ஜென்டினாவின் வடமேற்கு, அங்கிருந்து பெரு, ஈக்வடார், கொலம்பியா என்று மலையோரமாகவே பரவியது. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஈக்வடாரிலும் அதைச் சமவெளியில் வைப்பதில்லை. 1,500 மீட்டருக்கு மேலேதான் தோட்டம் போடுகிறார்கள். அதற்குப் பிடித்த வெப்பம் 15-லிருந்து 20 டிகிரி. நியூசிலாந்தில் கடல் மட்டத்துக்குப் பக்கத்திலேயே விளைகிறதே என்று கேட்பீர்கள். அது குளிர் நாடு, அங்கே மலை ஏற வேண்டிய தேவை இல்லை. ஆனால் உறைபனி விழுந்தாலும் இது கருகிவிடும். கொதிக்கவும் கூடாது, உறையவும் கூடாது, நடுவில் ஒரு குறுகின இடத்தில்தான் அதன் பிழைப்பு.

இப்போது நம்ம ஊர்க் கணக்குக்கு வாருங்கள். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் சுமார் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கல்லிடை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. சித்திரையில் அங்கே விடியற்காலையிலும் 26 டிகிரி இருக்கும். அதே ராத்திரி ஊட்டி உயரத்தில், 2,200 மீட்டரில், 12, 13 டிகிரிக்கு இறங்கியிருக்கும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் ஆயிரத்துக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் நடுவில் வருகிறவை. அங்கே இந்த மரத்துக்கு ஏதோ பரவாயில்லை. பழம் கோத்தகிரிப் பழம் அளவுக்குப் பருக்காது, ஆனால் காய்க்கும். கீழே இறங்க இறங்க இலை செழிக்கும், பூவும் வரும், காய் மட்டும் நிற்காது. ராத்திரிச் சூடு அதிகமானால் மகரந்தம் கெட்டுப்போகிறது. நாட்டுத் தக்காளிக்கே கோடையில் இதே கதைதான்.

"மார்கழியில் குளிர்கிறதே, அப்போது பூத்ததுதானே" என்று உங்களுக்குத் தோன்றும். தோன்ற வேண்டிய கேள்விதான். உங்களுக்கு ஒன்றிரண்டு காய் பிடித்ததும் அந்தக் குளிரில்தான். ஆனால் இந்தக் காய் பூவிலிருந்து பழமாக 21-லிருந்து 26 வாரம் எடுத்துக்கொள்ளும். சாதாரணத் தக்காளிக்கு ஒன்றரை, இரண்டு மாதம் போதும். குளிர்காலத்துக்குள் வேலையை முடித்துவிடும். மரத்தக்காளி மார்கழியில் பிடித்தால் பழுக்க வைகாசி, ஆனி ஆகும். இடையில் பங்குனி இருக்கிறது, அக்னி நட்சத்திரம் இருக்கிறது. அதை அந்தப் பச்சைக்காய் தாண்ட வேண்டும். உங்கள் காய் மாசியிலேயே விழுந்துவிட்டது. அதற்கு மேல் இருக்கிற மாதங்களை நினைத்துப் பாருங்கள்.

பாவூர்சத்திரம் அண்ணாச்சி மிளகாய்க்குச் சொன்னது சரியான அளவு, சரியான மருந்து. ஆனால் அது காம்பைக் கழன்று போகாமல் பிடிக்கிற மருந்து. மகரந்தமே சரியில்லாத பூவைப் பிடித்து வைத்து என்ன ஆகப் போகிறது?

அடுத்தது தண்ணீர். மழைக்காலத்தில் தமிழ்நாட்டு மழைப் பட்டியலைப் பாருங்கள், ஊத்து, நாலுமுக்கு பெயர் பல நாள் முதலில் வந்து நிற்கும். அவ்வளவு மழையிலும் எங்கள் துவைகல் மரம் அழுகவில்லை. காரணம் சரிவு. வந்த தண்ணீர் வந்த வேகத்தில் போய்விடும். இந்த மரத்தின் வேர் மேலாகவே ஓடுகிற வேர். தண்ணீர் ஒரு நாள், இரண்டு நாள் நின்றாலே மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதே மேல்வேர் என்பதால் நாலு நாள் காய்ந்தாலும் தாங்காது. இப்போது உங்கள் இலை மத்தியானம் தொங்குவது அதனால்தான். அடியில் களி, ஐப்பசியில் தேக்கம், பங்குனியில் வறட்சி என்றால் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் உங்கள் நார்த்தை பிழைத்துவிடும், இது பிழைக்காது.

காற்றையும் சொல்லிவிடுகிறேன், தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் படிப்பார்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றில் முருங்கைக் கொப்பு முறிவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தக்காளிக் கொப்பு அதைவிடப் பொறுக்கென்று முறியும். சாரல் குளுமையை நம்பிக் குற்றாலம், கடையம் பக்கம் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்தக் காற்றையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இதை எல்லாம் எழுதும்போது எனக்கு வருகிற கோபம் உங்கள் மேல் இல்லை. மலையில் விளைகிற கன்றைக் கொண்டுவந்து, சித்திரை வெயிலில் கிடக்கிற ஊர்க்காரரிடம் "ஆறே மாதம்" என்று சொல்லி விற்கிறார்களே, அவர்கள் மேல்தான். நல்ல மலையிலேயே விதைக் கன்றுக்குக் காய் பார்க்க ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும். இருக்கிற இடத்தில் வைத்தால் இது எவ்வளவு தாராளமாகக் கொடுக்கிற மரம்! ஒரே மரம் வருஷத்துக்கு 20 கிலோவுக்கு மேல் காய்க்கும். அதைத் தவறான மண்ணில் வைத்து, "இது ஏமாற்று மரம்" என்று ஜனங்கள் பேசுவதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

---

பாளை தாவரவியல் எழுதியது:

அக்கா சொன்ன பிறகு பெரிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர் இன்னொரு மரம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார், அதற்குப் பதில் வரவில்லை.

வேண்டாம். தன் மகரந்தமே தனக்குப் போதும். ஆனால் பூவை யாராவது அசைக்க வேண்டும். அடுத்த முறை பூக்கும்போது ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழ் பின்னால் மடங்கியிருக்கும். நடுவில் ஐந்து மகரந்தப்பைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கூம்பாக நிற்கும். லென்ஸ் இருந்தால் ஒவ்வொரு பையின் நுனியிலும் இரண்டு சின்னத் துளை தெரியும். செம்பருத்தியில் தொட்டால் மகரந்தம் கையில் ஒட்டும், இதில் ஒட்டாது. உப்பு டப்பாவைக் கவிழ்த்துக் குலுக்குவது போல, அதிர்வு கொடுத்தால்தான் அந்தத் துளை வழியாக உதிரும். கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இப்படித்தான். நம்ம தோட்டத்தில் கருவண்டும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "ர்ர்ர்" என்று ஒரு சத்தம் போடும், கேட்டிருப்பீர்கள். அது அந்த அதிர்வுக்காகத்தான். கொசுத் தேனீயும் கூட்டில் வளர்க்கிற தேனீயும் பூவுக்கு வரும், ஆனால் அந்த அதிர்வைக் கொடுக்கத் தெரியாது. காலையில் கொத்தை விரலால் சுண்டிவிட்டால் நீங்களே அந்த வேலையைச் செய்யலாம். இருந்தாலும் மகரந்தம் உயிரோடு இருந்தால்தான் சுண்டிப் பயன்.

பழைய புத்தகங்களில் இது சைஃபோமேண்ட்ரா என்று தனிப் பேரினமாக இருக்கும். 1995-ல் லின் போஸ் என்ற தாவரவியலாளர் அந்தப் பேரினத்தையே சொலானத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். இப்போது இதன் பெயர் சொலானம் பீட்டேசியம். அதாவது கத்தரி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரி, மணத்தக்காளி, சமையல் தக்காளி எல்லாமே இதற்குப் பங்காளி. ஆனால் இதன் குரோமோசோம்கள் மற்றப் பங்காளிகளுடையதைவிட மிகப் பெரியவை. எண்ணிக்கை அதே 24, உருவம் மட்டும் பெரிது. எங்கள் மாணவர்களுக்கு வேர் நுனியை நசுக்கிக் காட்ட இதைவிடத் தோதான செடி இந்தக் குடும்பத்தில் கிடைக்காது. அதற்காகவே உங்கள் மரத்திலிருந்து ஒரு போத்து, அதாவது நடுவதற்கு வெட்டுகிற கொப்புத் துண்டு, கேட்கலாம் போலிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பங்காளிகள் பலதின் இலையை நாம் கீரையாகவும் மருந்தாகவும் சாப்பிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் இதன் இலையையோ பழுக்காத பச்சைக்காயையோ சமைத்துவிடாதீர்கள். பழுத்த பழத்தின் சதை மட்டும்தான் சாப்பாடு.

---

கல்லிடை தோட்டம் எழுதியது:

அக்கா, ஐயா, ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. மனசுக்கு வருத்தமாக இருந்தாலும் ஏன் என்று தெரிந்தது நல்லது.

பாளை ஐயா, போத்து எத்தனை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு சந்தேகம் மட்டும். சுண்டைச் செடியில் கத்தரியை ஒட்டுக்கட்டுகிறார்களே, அதுபோல இதை ஒட்டுக்கட்டினால் நம்ம சூட்டுக்குத் தாங்குமா? அப்புறம், மாமா பையன் குன்னூரில் வேலை பார்க்கிறான். காய்க்கிற மரத்திலிருந்து போத்து கொண்டுவந்து நட்டால், விதைக் கன்றைவிடச் சீக்கிரம் காய்த்து வெயிலுக்கு முன்னால் முடிந்துவிடாதா?

---

கோத்தகிரி மருமகள் எழுதியது:

நான் சங்கரன்கோவில்காரி, கல்யாணம் ஆகிக் கோத்தகிரியில் இருக்கிறேன். போத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விதைக் கன்று ஒற்றைத் தண்டாக நேராக மேலே போகும். ஒன்றரை மீட்டர், அதற்கும் மேல் போன பிறகுதான் கிளை பிரியும். பழம் பறிக்க ஏணி வேண்டும், காற்றுக்கும் ஆபத்து. போத்து அப்படி இல்லை, கீழேயே கிளைத்துப் புதராக நிற்கும், விதைக் கன்றைவிட முன்னாலேயே பூக்கும். எங்கள் மாமியார் முதல் வருஷப் பூவைக் கிள்ளிவிடச் சொல்வார்கள், செடி தேறட்டும் என்று. போத்து எடுக்க ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆன கொப்பு வேண்டும். பெருவிரல் பருமன், ஒன்றரை முழ நீளம். பச்சை நுனியை வெட்டி வைத்தால் அழுகிவிடும். கூடவே இலையைப் பார்த்து வெட்ட வேண்டும். இலையில் திட்டுத்திட்டாக வெளிர் பச்சை தெரிந்தால் அது தேமல் நோய். அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி பரப்புகிற வைரஸ். அந்த மரத்துப் போத்தோடு நோயும் சேர்ந்து வரும். விதையில் அந்தத் தொந்தரவு இல்லை.

விதை போடுகிறவர்களுக்கு: நல்ல பழத்து விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து விதையுங்கள். முளைப்பு சீக்கிரம், ஒரே சீராக வரும்.

போத்து சீக்கிரம் பூக்கும் என்பது சரிதான். ஆனால் நீங்கள் நினைப்பது போலக் காயின் காலம் குறையாது. மரத்துக்கு வயது குறையலாம், காய்க்கு அதே ஐந்தாறு மாதம்தான். எங்கள் கோத்தகிரியில் 1,800 மீட்டர் குளிரிலேயே அவ்வளவு நாள் தொங்குகிறது.

இங்கே சிவப்பு ரகமும் மஞ்சள் ரகமும் உண்டு. சிவப்பு புளிப்புத் தூக்கல், துவையலுக்கு அதுதான். மஞ்சள் இனிப்பு, பிள்ளைகள் சர்க்கரை தூவிக் கரண்டியால் தோண்டிச் சாப்பிடும். பழத்தை மரத்திலேயே நிறம் ஏறவிட்டுக் காம்போடு பறிக்க வேண்டும். பறித்த பிறகு தானாக நன்றாகப் பழுக்கிற பழம் இல்லை இது.

---

ஊத்து மகள் எழுதியது:

கோத்தகிரித் தங்கச்சி எழுதியதைப் படிக்கும்போதே வாயில் புளிப்பு வந்துவிட்டது.

தம்பி, ஒட்டுக்கட்டுவது பற்றி. கத்தரியைச் சுண்டையில் ஒட்டுவது வேரைக் காப்பாற்ற. வேர்முடிச்சு நூற்புழு, வாடல் நோய் இரண்டுக்கும் சுண்டை வேர் தாங்கும். மரத்தக்காளியை வேறு ஒரு காட்டுச் சொலானத்தில் ஒட்டுகிற வழக்கம் வெளிநாடுகளில் இருக்கிறது. அந்தச் செடி நீலகிரியில் சாலையோரம் நிறையப் பார்க்கலாம்; இலை முழுக்க வெள்ளைச் சுணை, ஊதாப்பூ, ஆள் உயரத்துக்கு மேல் புதர். அங்கே அது காட்டைப் பிடித்துக்கொண்ட களை. ஒட்டுக்கட்டினால் உங்கள் களிமண் சிக்கல் கொஞ்சம் குறையலாம். ஆனால் ராத்திரிச் சூடு வேரில் இல்லை, பூவில் இருக்கிறது. வேரை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

மரத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைப்பீர்கள். பாளை ஐயா கேட்ட போத்துகளை முதலில் கொடுத்துவிடுங்கள், மாணவர்களுக்குப் போகட்டும். பிறகு வைத்திருக்க ஆசைப்பட்டால் வைத்திருங்கள், இலை அழகுதான். அடிமரத்தைச் சுற்றிக் கொத்தாதீர்கள், மேல்வேர் அறுந்துவிடும். வாழைச்சருகை கனமாகப் பரப்பி ஈரத்தைக் காப்பாற்றுங்கள், தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள். மத்தியான வெயில் மறைய மேற்கே வாழை இருந்தால் நல்லது. பக்கத்தில் தக்காளி, மிளகாய் போட மட்டும் வேண்டாம். அசுவினியும் வெள்ளை ஈயும் இதில் குடியிருந்துகொண்டு அங்கே போகும். ஒருநாள் பிடுங்கினால், வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் குழியில் கத்தரி வகை எதையும் கொஞ்ச காலம் வைக்கக் கூடாது. செண்டுப்பூ போடுங்கள், அது நூற்புழுவைக் குறைக்கும்.

முடிச்சு இல்லாமல் இருந்து, அதே இடத்தில் இதன் பங்காளி ஏதாவது வேண்டும் என்றால் சுண்டை வையுங்கள். நம்ம வெயிலில் சிரித்துக்கொண்டு காய்க்கும். சித்திரையில் மோர் வற்றல் போட்டால் வருஷம் முழுக்கப் புளிக்குழம்புக்கு ஆச்சு. மணத்தக்காளியும் அப்படித்தான், நீங்கள் வைக்காவிட்டாலும் குருவி வந்து விதைத்துவிட்டுப் போகும்.

இன்னொன்றை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கீழே காய்க்கவில்லை என்று இந்தக் கன்றை எடுத்துக்கொண்டு மலைக்கு மேலே போய், காட்டோரத்தில் நட்டு வைக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மணிமுத்தாறு செக்போஸ்ட்டுக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். குரங்கும் பறவையும் விதையைக் கொண்டுபோகும். அந்த வெள்ளைச் சுணைச் செடி நீலகிரியில் பரவியதும் அப்படித்தான், அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். எங்கள் லைன் மரங்கள் லைனோடு இருந்தன. நான் அந்தப் பழத்துக்கு எவ்வளவு ஏங்கினாலும், குதிரைவெட்டிச் சோலைக்குள் அது நிற்பதைப் பார்க்க எனக்குச் சம்மதம் இல்லை.

பழம் வேண்டுமென்றால் உங்கள் மாமா பையனை வாங்கி வரச் சொல்லுங்கள். கொடைக்கானல் போகிறவர்களிடமும் சொல்லி வைக்கலாம். முட்டை வடிவில், காம்பு பச்சையாக, அமுக்கினால் லேசாகக் கொடுக்கிற பழமாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் பல நாள் கெடாது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஒரு நிமிஷத்தில் எடுத்துப் பச்சைத்தண்ணீரில் போட்டால் தோல் கையோடு உரிந்து வந்துவிடும். குறுக்கே அறுத்தால் ஆரஞ்சுச் சதைக்கு நடுவில் இரண்டு அறை, கருஞ்சிவப்புக் குழம்பில் விதை. விதையையும் சேர்த்தே சாப்பிடலாம். சில பழத்தில் சதைக்குள் கல் மாதிரி சின்ன உருண்டை இருக்கும், அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, பழத்திலேயே உண்டாகிறதுதான். பல்லில் படாமல் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

அம்மா செய்கிற துவையல் இப்படி: பழத்தைத் தணலில் சுட்டு, தோலை உரித்து வைத்துக்கொள்வாள். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், பூண்டு இரண்டு பல், உப்பு. மிளகாயையும் பூண்டையும் அதே தணலில் வாட்டி, அம்மியில் முதலில் அதை நசுக்கி, கடைசியில் பழத்தைப் போட்டு இரண்டு இழுப்பு. நைய அரைக்கக் கூடாது, விதை உடைந்தால் கசப்பு தட்டும். புளி சேர்க்க வேண்டாம், அதன் புளிப்பே போதும். நல்லெண்ணெய் விட்டுச் சூடான கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டால் வேறு எதுவும் கேட்காது. நேபாளம், டார்ஜிலிங் பக்கத்திலும் சுட்டுத்தான் சட்னி அரைக்கிறார்கள். ஈக்வடாரில் பச்சையாகவே மிளகாயோடு அரைத்துத் தினச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்கிறார்கள். மிளகாயும் இந்தப் பழமும் சேர்வது அங்கேயும் இங்கேயும் ஒன்றுபோல்தான் இருக்கிறது.

கோத்தகிரித் தங்கச்சி, உங்களிடம் இருக்கிற மஞ்சள் ரகத்தில் தேமல் இல்லாத மரத்துப் பழம் நாலைந்தை விதைக்கு ஒதுக்கி வைக்க முடியுமா? என் நாத்தனார் மகள் கொடைக்கானலுக்குக் கீழே, பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் நல்ல சரிவு, காற்று மறைவும் உண்டு. ஃப்ரீசரில் வைத்து விதைக்கிற முறையை அவளுக்குச் சொல்லிவிட்டேன். தபால் செலவை நான் அனுப்பிவிடுகிறேன்.